"அரசியல் வேண்டாம்மா"

ஞாயிற்றுக்கிழமை இங்கே அமெரிக்காவில் நம் தமிழர் விழா நடந்த மண்டபத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும், மீதிப் பேர் ஸ்கிரீன்ஷாட் பார்த்திருப்பீர்கள். முழுக் கதையையும் திரும்ப ஓட்டப்போவதில்லை. பேச இருபது நிமிடம் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். போலீஸ் நம் காரை நிறுத்தினால் என்ன செய்வது, வீட்டுக் கதவைத் தட்டினால் கையில் இருப்பது நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரண்டா என்று எப்படிப் பார்ப்பது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு "வக்கீல் வேண்டும்" என்பது. தமிழில் ஒரே பக்கமாக அச்சடித்தும் எடுத்துப் போயிருந்தேன். பிள்ளைகளின் கோலாட்டம் முடிந்ததும் நம் முறை என்று உட்கார்ந்திருந்தவளிடம், "அரசியல் வேண்டாம்மா, குடும்பமா வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அந்த நேரத்தை வீடு விற்கும் ஏஜெண்டுக்குக் கொடுத்தார்கள். அவர் நாற்பது நிமிடம் பேசினார். சரி, போகட்டும்.

விட முடியாதது, அன்று ராத்திரி குழுவில் ஒரு அண்ணன் போட்ட வரி. "தப்பு பண்ணாதவனுக்கு எதுக்கு வக்கீல்?" அதற்கு முப்பத்தொரு கட்டைவிரல். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

அண்ணே, போன வருஷம் என் அம்மா வந்திருந்தபோது உங்கள் வீட்டு மொட்டைத் தளத்தில்தான் வடகம் காய்ந்தது, அதனால் மரியாதையாகவே கேட்கிறேன். நான் போலீஸைத் திட்ட வரவில்லை. அரசாங்கத்தின் ஆள் தப்பு செய்தால் யார் பதில் சொல்வது? இந்த ஒரு கேள்விதான். பதின்மூன்று வருஷமாகப் பப்ளிக் டிஃபெண்டராக, அதாவது வக்கீல் வைக்கக் காசில்லாதவர்களுக்காக அரசு சம்பளத்தில் வாதாடுகிறவளாக, தினமும் முட்டிக்கொள்வது இதில்தான்.

தப்பு பண்ணாதவன்தானே வேண்டும்? நியூ ஆர்லியன்ஸ் ஜான் தாம்சன். கொலை வழக்கில் மரண தண்டனை. அதற்கு முன்னால் ஒரு கொள்ளை முயற்சி வழக்கிலும் அவரைக் குற்றவாளியாக்கியிருந்தார்கள், அது தலைமேல் இருந்ததால் கொலை வழக்கில் கூண்டேறித் தன் பக்கத்தைச் சொல்ல முடியாமல் போனது. அந்தக் கொள்ளையில் பாதிக்கப்பட்டவரின் கால்சட்டையில் கொள்ளைக்காரனின் ரத்தம் ஒட்டியிருந்தது. பி வகை. தாம்சனுக்கு ஓ வகை. அந்தப் பரிசோதனை அறிக்கையை அரசு வக்கீல்கள் எதிர்த்தரப்புக்குக் காட்டவே இல்லை. 1999-ல், தண்டனைக்கு நாள் குறித்து, சில வாரங்களே இருக்கும்போது, அவருடைய வக்கீல்கள் வைத்த ஒரு துப்பறிவாளர் அதைத் தோண்டி எடுத்தார். 2003-ல் கொலை வழக்கு மறுவிசாரணை, 35 நிமிடத்தில் ஜூரி விடுதலை செய்தது. மொத்தம் 18 வருஷம் உள்ளே, அதில் 14 மரண தண்டனைக் கைதியாக. இன்னொரு ஜூரி 1.4 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2011-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதையும் ரத்து செய்தது. இந்த ஒரு மீறலை வைத்து, அந்த அலுவலகம் தன் வக்கீல்களுக்குச் சரியான பயிற்சி தரவில்லை என்று சொல்லிவிட முடியாதாம். சரி, மறைத்தவர்கள் மேலேயே வழக்குப் போடலாமே? முடியாது, வழக்கு நடத்துகிற அரசு வக்கீல்களுக்கு அப்படிப்பட்ட வழக்கிலிருந்து 1976-லேயே உச்ச நீதிமன்றம் முழு விலக்குக் கொடுத்தாகிவிட்டது. யார் பதில் சொன்னார்கள்? ஒருத்தரும் இல்லை. தாம்சன் 2017-ல் இறந்துபோனார்.

டெக்சாஸில் ஒரு அரசு வக்கீல் ஜெயிலுக்குப் போனாரே என்று யாராவது கூகுள் பண்ணிக்கொண்டு வருவீர்கள். போனார். மைக்கேல் மார்ட்டன் என்ற நிரபராதி ஏறக்குறைய 25 வருஷம் உள்ளே இருந்தார், சாட்சியத்தை மறைத்தவர் அதற்குள் நீதிபதியே ஆகியிருந்தார், அவருக்கு 2013-ல் பத்து நாள் ஜெயில். அந்தப் பத்து நாளும் முடியும் முன்பே வெளியே வந்துவிட்டார். இதைத்தான் பெரிய முன்னுதாரணம் என்று சட்டக் கருத்தரங்குகளில் சொல்லிக்கொள்கிறோம்.

போலீஸ் கதையும் இதேதான். அரசு ஆள் உரிமையை மீறினால் வழக்குப் போட 1871-லேயே சட்டம் வந்தது, கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் ஆட்டம் போட்ட காலம். அந்தச் சட்டத்தில் விலக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. நீதிபதிகள் பின்னால் சேர்த்ததுதான் 'குவாலிஃபைட் இம்யூனிட்டி'. உரிமையை மீறியிருந்தாலும், ஏறக்குறைய இதே மாதிரி ஒன்று தப்பு என்று முன்னமே தீர்ப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லையென்றால் நடையைக் கட்டு. நாஷ்வில்லில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் ஒளிந்திருந்தவர் மேல் போலீஸ் நாயை ஏவினார்கள். கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றார் அவர். படுத்துச் சரணடைந்தவன் மேல் நாயை விட்டது தப்பு என்று பழைய தீர்ப்பு இருந்தது. ஆனால் இவர் உட்கார்ந்திருந்தாரே! வழக்கு தோற்றது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கையில் எடுக்கவும் மறுத்தது. திருடப் போனவன்தானே என்பீர்கள். ஆமாம், திருடத்தான் போனார். திருட்டுக்கு நாய்க்கடி எந்தப் பிரிவில் தண்டனை என்று தேடிச் சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

இதெல்லாம் பேப்பரில் வந்த வழக்குகள். பேப்பரில் வராத ஒன்று சொல்கிறேன். கோர்ட்டுக்குக் கீழே இருக்கும் கைதிக் கூண்டில் ஒரு பையன், பத்தொன்பது வயது. ஷூவிலிருந்து லேஸை உருவிவிட்டதால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஷூ கழன்று கழன்று வந்தது. கடையில் போன் திருடினான் என்று கேஸ். ஒத்துக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம், ஒத்துக்கொள்ளாவிட்டால் ஜாமீன் பணம் கட்டு, கட்ட முடியாவிட்டால் உள்ளே இரு. "கேமரா வீடியோ கேட்டிருக்கேன், பொறு" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு மணிக்கு ஓட்டலில் பாத்திரம் கழுவும் ஷிஃப்ட். ஒத்துக்கொண்டான். ஒன்பது நாள் கழித்து வீடியோ வந்தது. அதில் இருந்தவன் இவனே இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய் அந்த ஒப்புதலை ரத்து செய்ய எனக்கு ஏழு மாதம் ஆனது. யாரும் ஒரு சாரி சொல்லவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்று அவன் அம்மா என்னைக் கேட்டார், நான் ஃபைலை மூடிக்கொண்டு நின்றேன். மத்திய நீதிமன்றத் தண்டனைகளில் 97 சதவீதம் இப்படி ஒப்புக்கொண்டு வருபவை என்று உச்ச நீதிமன்றமே 2012-ல் எழுதியிருக்கிறது. திருமங்கலத்தில் முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவிடம் போனில் சொன்னபோது, "நம்ம ஊர்ல வாய்தாவுக்கு அலைஞ்சே செத்துப்போறான், அங்க வாய்தாவே இல்லாம முடிச்சிர்றாங்களா?" என்றார்.

போலீஸ் வேலை ஆபத்தானது, நொடியில் முடிவெடுக்க வேண்டியது என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ரத்தப் பரிசோதனை அறிக்கையை வருஷக்கணக்கில் மறைத்து வைத்ததும் நொடியில் எடுத்த முடிவா?

நம் ஊர் போலீஸைப் பற்றிப் பேச வாய் வருமா என்று ஒருத்தர். 2020-ல் சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும் அடித்துக் கொன்றபோது நான் என்ன எழுதினேன் என்று கீழே போய்ப் பாருங்கள். அப்போது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து கையில் எடுத்தது, கேஸ் சிபிஐ வரை போனது. அன்றைக்கு இதே குழுவில் டிபி மாற்றி வைத்து அழுதவர்கள்தான் இந்த முப்பத்தொரு கட்டைவிரலில் பாதிப் பேர். நம்மவன் செத்தால் லாக்கப் மரணம், கறுப்பன் செத்தால் "என்ன பண்ணினானோ". வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள், மனசாவது ஆறும்.

அப்படி நம்மவன், அடுத்தவன் என்று பிரித்துக்கொண்டால் தப்பித்துவிடுவோமா? 2015-ல் அலபாமா மாநிலம் மேடிசனில் பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் மகன் வீட்டுத் தெருவில் காலையில் நடந்துகொண்டிருந்தார். யாரோ கறுப்பு ஆள் சுற்றுகிறான் என்று பக்கத்து வீட்டிலிருந்து போன். அவருக்கு இங்கிலீஷ் வராது. வந்த காவலர் தரையில் அடித்துத் தள்ளினதில் கழுத்துக்குக் கீழ் பாதிப்பு. அந்தக் காவலர் மீதான குற்ற வழக்கில் இரண்டு தடவை ஜூரி முடிவுக்கு வரவில்லை, கடைசியில் நீதிபதி விடுதலை செய்தார். உங்கள் அப்பாவும் காலையில் மங்கி குல்லா போட்டுக்கொண்டு நடக்கிறார், அண்ணே. நான் பார்த்திருக்கிறேன்.

இன்பாக்ஸில் வந்த ஒன்று மட்டும்தான் எனக்கு வலித்தது. "க்ரீன் கார்டு வரிசையில நிக்கிறோம்மா, எதுக்கு வம்பு." இதற்கு என்னிடம் எகத்தாளம் இல்லை. போன மார்கழியில் ராத்திரி என் காரை நிறுத்தினார்கள், பின் விளக்கு எரியவில்லை. பதின்மூன்று வருஷ வக்கீல், இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு "யெஸ் சார், யெஸ் சார்" என்றேன். கை நடுங்கியது. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். பயப்படுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. பயத்துக்கு "அரசியல் வேண்டாம்" என்று பட்டுச்சட்டை போட்டுவிடுவதைத்தான் சொல்கிறேன்.

குடியுரிமை வாங்கியவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. இந்த நாட்டில் பெரும்பாலான இடங்களில் மாவட்ட அரசு வக்கீலைத் தேர்ந்தெடுப்பதே மக்கள்தான், தாம்சன் வழக்கு நடந்த ஊரிலும் அப்படித்தான். போன தடவை உங்களில் எத்தனை பேர் அந்தக் கட்டத்தில் ஓட்டுப் போட்டீர்கள்? அதிபர் பெயருக்கு நேரே வட்டத்தை நிரப்பிவிட்டு ஸ்டிக்கரோடு செல்ஃபி. அந்த அதிபருக்கும் பதவியின் பேரில் செய்த காரியங்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பெருமளவு விலக்கு உண்டு என்று 2024 ஜூலை 1 அன்று 6-க்கு 3 தீர்ப்பு வந்துவிட்டது. சட்டத்துக்கு மேலே ஒரு ராஜா என்று நீதிபதி சோடோமேயர் மாறுபட்டு எழுதினார். கான்ஸ்டபிளில் தொடங்கி அதிபர் வரை ஒருத்தரும் பதில் சொல்ல வேண்டாம். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற பையன் மட்டும் நாலு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

கமிட்டியில் இருக்கும் அக்கா ஒருத்தர் போன் பண்ணி, பொங்கல் விழாவில் பத்து நிமிடம் பார்க்கலாம், "போலீஸ்" என்ற வார்த்தை மட்டும் வராமல் பேசு என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அச்சடித்த அறுபது தாளும் கார் டிக்கியில் அப்படியே கிடக்கிறது. வேண்டும் என்கிறவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன். பெயரை வெளியே சொல்ல மாட்டேன்.