தியாகம் செய்ய யாரும் நம்மைக் கூப்பிடவில்லை

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தேவாலயப் பங்குகளில் யாராவது மிஷன் ஆசிரியராக வெளிநாடு கிளம்பினால், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்த கையோடு வழியனுப்பு விழா நடக்கும். ஃபிளெக்ஸ் பேனர், சால்வை, மைக். பேசுகிற ஒவ்வொருவர் வாயிலும் "தியாகம்" வந்துவிடும். போகிற பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது, பி.எட். சான்றிதழில் மை காய்ந்திருக்காது. அதற்குள் பாதிப் புனிதராக்கி விமானம் ஏற்றிவிடுகிறோம். இறங்கிய ஊரில் அந்தப் பாதிப் புனிதரோடு வேலை பார்க்கப்போகிறவர்களின் பாட்டை யாரும் நினைப்பதில்லை.

தான்சானியாவில் அருஷா நகருக்கு அருகே அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளியில் இயற்பியல் கற்பித்துவிட்டுத் திரும்பியவள் நான். என் கட்சி இதுதான்: ஒரு புதிய ஆசிரியர் அந்நிய ஊரில் வேர்பிடிக்க ஆகும் உழைப்பில் பெரும்பங்கு அந்த ஊர்க்காரர்களுடையது. கணக்கு மட்டும் வந்தவர் பெயரில் எழுதப்படுகிறது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியாமல் போகக் கூடாது. நாமும் ஒரு காலத்தில் வரவேற்ற பக்கம்தான். கோவிலூரிலும் எலத்தகிரியிலும் பிரெஞ்சுக் குருமார் தங்கி உழைத்தார்கள். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை 1895-இல் இந்தியாவில் தன் பணியைத் தொடங்கியது கிருஷ்ணகிரியில்தான். தொடங்கிய தியோடோர் நேத்தர் 1904-இல் பிளேக் நோயில் இறந்தார். அப்படிப்பட்டவர்களைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அவர்களைப் போல வந்தவர்களுக்கு ழகரம் வரும்வரை எதிரே உட்கார்ந்து மொழி சொல்லிக்கொடுத்த முன்ஷி, காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்த அம்மாள், வெயிலில் கூடவே நடந்து வழி காட்டியவர் ஆகியோரின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். கிடைப்பது அரிது. இப்போது நாம் அனுப்பும் பக்கத்துக்கு வந்துவிட்டோம். அதே மறதியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகிறோம்.

முதலில் கடிகாரம். காலை ஏழு மணியைத் தான்சானியாவில் ஒரு மணி என்பார்கள். விடியலில் தொடங்கி எண்ணுவது சுவாஹிலிக் கணக்கு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கும் ஊரில், அதைவிட நியாயமான கணக்கு வேறு என்ன இருக்க முடியும்? நம்முடைய நாழிகையும் விடியலிலிருந்துதான் ஓடியது. பள்ளியின் கால அட்டவணை ஆங்கில மணியில் இருக்கும், ஆசிரியர் அறைப் பேச்சு சுவாஹிலி மணியில் நடக்கும். புதிதாக வந்த ஒருத்திக்காக அங்கிருந்த அத்தனை பேரும் ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரத்தைக் கூட்டியோ கழித்தோ, ஒரே செய்தியை இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "புது இடத்தில் நேரம் பழக மிகவும் கஷ்டப்பட்டேன்" என்றுதான் புதிதாகப் போகிறவர்கள் வீட்டுக்கு எழுதுகிறார்கள். கஷ்டப்பட்டது யார்?

அடுத்தது வணக்கம். மூத்தவரைக் கண்டால் இளையவர் "ஷிகாமோ" என்பார். மூத்தவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார். அதன் பிறகு வீடு எப்படி, வேலை எப்படி, இரவு நன்றாகத் தூங்கினீர்களா என்று விசாரணை நீளும். அது முடிந்த பின்தான் காரியம். நம் ஊரிலிருந்து போகிற சுறுசுறுப்பான பிள்ளைகள் நேரே போய், "சாக்பீஸ் எங்கே?" என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். அந்தச் சிரிப்பில் எவ்வளவு பொறுமை இருந்தது என்பது இரண்டாம் பருவத்தில்தான் விளங்கும், அதுவும் யாராவது சொன்னால்.

இத்தனைக்கும் ஆசிரியருக்கு அங்கே கிடைக்கும் மரியாதை பெரிது. நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியரேரே அரசியலில் முழுமையாக இறங்கும் முன் புகு என்ற ஊரின் கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1999-இல் இறக்கும்வரை, ஏன் இன்றும்கூட, அந்த நாட்டுக்கு அவர் "ம்வாலிமு", ஆசிரியர்தான். அதே அழைப்பை நேற்று வந்திறங்கிய நமக்கும் கொடுத்துவிடுகிறார்கள். முன்பணம் அது. வேலை பிறகுதான்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிறோம் நாம். விருந்தாளிக்கு இரண்டு நாள் சோறு போடு, மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்கிறார்கள் அவர்கள். வாராந்திரக் கண்காணிப்புப் பணி எனக்கு ஒதுக்கப்பட்ட அன்று இந்தப் பழமொழியைச் சொல்லி ஆசிரியர் அறையே சிரித்தது. எனக்கு அன்றுதான் வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. அதுவரை கிடைத்த உபசாரத்தைவிட அந்த மண்வெட்டி மேலானது. போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வகுப்பறை. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நான் இருந்தபோது அரசுத் தொடக்கப் பள்ளியில் ஏழு ஆண்டுகள், ஆங்கிலம் தவிர எல்லாப் பாடமும் சுவாஹிலியில். ஃபார்ம் ஒன் என்கிற அடுத்த வகுப்பில் ஜனவரி மாதம் நுழைந்ததும் கணிதமும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். அவர்கள் முன்னால் இந்திய உச்சரிப்பில் ஆங்கிலம் பேசுகிற ஒருத்தி நின்று "விசை" என்றால் என்ன என்று நடத்தினால் என்ன ஆகும்? எல்லோரும் தலையாட்டுவார்கள். தேர்வுத்தாளில் ஒன்றும் இருக்காது. புதிய ஆசிரியர் உடனே, "இவர்களுக்கு அடிப்படையே இல்லை" என்று ஊருக்கு எழுதுவார்.

இதைத் தருமபுரிக்காரர் எழுதலாமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு விகிதம் குறைந்த மாவட்டம் நம் தருமபுரிதான் என்று வந்தபோது நமக்கு எப்படி இருந்தது? பென்னாகரத்திலும் அரூரிலும் தமிழ்வழியில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்தில் வாயடைத்து உட்கார்ந்திருப்பதை நாம் வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளையை முட்டாள் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவோம். அருஷாவில் எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு மாணவி நான் சொன்னதைச் சுவாஹிலியில் மற்றவர்களுக்குக் கிசுகிசுத்துக்கொண்டிருப்பாள். ஒழுங்கீனம் என்று அதை அடக்குகிற ஆசிரியர்கள் உண்டு. அவள்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளை முன் பெஞ்சுக்கு அழைத்து உரக்கச் சொல்லச் சொன்னேன். வகுப்பும் கேட்டது, நானும் மொழி கற்றுக்கொண்டேன். தமிழ்வழியில் படித்துவிட்டுப் போகிற ஆசிரியருக்கு இந்த இடத்தில் ஐரோப்பியரிடம் இல்லாத ஒரு தகுதி இருக்கிறது. அதைக் கான்வென்ட் ஆங்கிலத்தின் பின்னால் ஒளித்து வைப்பதுதான் எனக்குக் கோபம்.

சாப்பாட்டைப் பற்றிப் புலம்பும் கடிதங்களும் உண்டு. ஊறுகாயும் சாம்பார்பொடியும் கொண்டு போவதில் தவறில்லை, நானும் கொண்டுபோனேன். ஆனால் மதியத்தில் ஆசிரியர்களோடு உட்கார்ந்து உகாலி சாப்பிட வேண்டும். மக்காச்சோள மாவில் கிண்டிய களி அது. கையால் உருட்டி, கீரையிலோ குழம்பிலோ தொட்டு விழுங்குவது. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த கிருஷ்ணகிரிப் பிள்ளை அதைப் பார்த்து முகம் சுளித்தால் அவருடைய பாட்டிக்கே அடுக்காது. கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். அங்கிருந்துதான் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது நமக்கு வந்தது. அருஷாச் சந்தையில் இன்றும் கேழ்வரகு கிடைக்கிறது, கஞ்சி காய்ச்சுகிறார்கள். கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள், எவ்வளவு முன்பே வாங்கிக்கொண்டோம் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் வருகைப்பதிவு எடுக்கும்போது பிள்ளைகள் சிரித்தார்கள். பல பற்களில் பழுப்புக் கறை. நம் ஊரில் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் பார்த்துப் பழகிய அதே கறை. அருஷாவுக்கு அருகே உள்ள மேரு எரிமலையைச் சுற்றியுள்ள நீரில் ஃபுளோரைடு அதிகம். நமக்குக் கடினப்பாறைக்கு அடியிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் அதே தொல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்படும்வரை நாம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். பல் தேய்ப்பதில்லையா என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்ட வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடமும் அதையேதான் வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். வேதியியல் ஆசிரியரோடு சேர்ந்து நீரின் ஃபுளோரைடைப் பற்றி ஒரு பாடம் நடத்தினேன். அங்கே நான் எடுத்த வகுப்புகளில் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டது அதில்தான்.

பிரம்பு ஒரு சங்கடம். அந்நாட்டு விதிகள், தலைமையாசிரியரின் பொறுப்பில், வரம்புக்கு உட்பட்டுப் பிரம்படியை அனுமதிக்கின்றன. நம் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் அதைத் தடைசெய்துவிட்டது. அதனால் புதிதாகப் போகிறவர்களுக்கு அங்குள்ளவர்களைவிடத் தாம் ஒரு படி மேல் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. சட்டம் வந்த பிறகும் நம் ஆசிரியர் அறைகளில் "கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்" என்ற முனகல் ஓய்ந்ததா? உங்கள் வகுப்பில் பிரம்பை எடுக்காதீர்கள், அதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் முதல் பருவத்திலேயே ஆசிரியர் அறையில் சொற்பொழிவாற்றாதீர்கள். அடிக்காமலே ஒரு வகுப்பு அமைதியாக நடப்பதைப் பக்கத்து அறை ஆசிரியர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

புகைப்படங்களைப் பற்றி இரண்டு வரி. அனுமதி கேட்காமல் பிள்ளைகளைப் படமெடுத்துப் பங்கு வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். "ஏழைக் குழந்தைகளோடு" என்று எழுதவே எழுதாதீர்கள். அவர்களுக்கும் தொலைபேசி உண்டு, அவர்கள் வீட்டிலும் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு.

கடைசியாக, யாரும் கேட்க விரும்பாத கேள்வி. நீங்கள் போகும் இடத்துக்கு அந்நாட்டிலேயே ஆள் இல்லையா? தான்சானியாவில் மிஷனரிகளுக்குக் குடியிருப்பு அனுமதி பெற வழி இருக்கிறது. அதே நேரத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்த உள்ளூர்ப் பட்டதாரிகள் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். கணிதம், இயற்பியல் போன்ற பாடங்களுக்குக் கிராமப் பள்ளிகளில் ஆள் கிடைப்பது கடினம் என்பது உண்மை. நான் போனதும் அதற்காகத்தான். ஆங்கிலமும் வேதக்கல்வியும் நடத்த இங்கிருந்து ஒருவரை அனுப்பும் சபைகளை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அனுப்பும் செலவில் அங்குள்ள ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாமே என்று கேட்டால் இங்கே யாருக்கும் பிடிப்பதில்லை.

எங்கள் பள்ளிக்கு இயற்பியல் பட்டம் பெற்ற ஒருவர் பக்கத்து மாவட்டத்திலிருந்து கிடைத்ததும் எனக்கு விடை கொடுத்தார்கள். ஆய்வகச் சாவியையும் பாடக்குறிப்பேடுகளையும் அவரிடம் ஒப்படைத்தேன். ஊர் திரும்பியதும், "அதற்குள் அனுப்பிவிட்டார்களா?" என்று பங்கில் பலர் பரிதாபமாகக் கேட்டார்கள். ஆமாம், அனுப்பிவிட்டார்கள். அந்த வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது.