இரட்டை வேகத்தில் அம்மாவின் குரல்

வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி 2021-இல் வந்தது. அலுவலகச் செய்திகளுக்கு அது பயன்படுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து பெற்றவர்கள் அனுப்பும் பதிவையும் அதே வேகத்தில் ஓடவிட்டு, ‘சரிம்மா, அப்புறம் பேசுறேன்’ என்று தட்டி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மூட்டுவலி மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொல்லத் தயங்கி அவர்கள் விடும் பெருமூச்சும், ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும் ஒரு கணம் காத்திருக்கும் அந்த இடைவெளியும் அந்த ஓட்டத்தில் காதில் விழாமலே போய்விடுகின்றன. முதுமையில் உடலும் மனமும் நலமாக இருப்பதற்கு நெருங்கிய உறவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938 முதல் நடந்துவரும் ஆய்வே காட்டுகிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அதைச் சொல்ல எந்த ஆய்வும் தேவையில்லை. பதவி உயர்வை எண்ணி, இரவு பதினோரு மணிக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுகிற நமக்கு, பெற்றவளின் மூன்று நிமிடப் பேச்சு மட்டும் ஏன் இவ்வளவு நீளமாகத் தோன்றுகிறது?