கொங்குப் பக்கமும் வாங்க
பழம்பொருள் கடைகள் பற்றிய உங்கள் கட்டுரையை, பழம்பொருள் என்றாலே காரைக்குடிதான் என்று முடித்துவிட்டீர்கள், கொங்குப் பக்கமும் ஒரு நாள் வந்து பாருங்கள். பொள்ளாச்சி சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஒரு கடையில், காளை பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலைக்கான இரும்புச் சால் (பெரிய வாளி) கிடந்தது, காளைகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே ஏறும், அடியில் கட்டிய தும்பி என்கிற தோல் குழாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும் என்று அப்புச்சி (அம்மாவின் அப்பா) கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, பிள்ளைகள் அங்கிருந்து நகரவே இல்லை. பித்தளை அண்டா, தானியம் அளக்கும் படி, வள்ளம் எல்லாம் தாராளமாக வாங்கலாம். சாமி சிலை மட்டும் யோசிச்சு வாங்குங்க. 100 வருடம் தாண்டிய சிலை என்றால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்லியல் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தச் சான்றிதழைக் கேளுங்கள், காட்டாவிட்டால் கிளம்பிவிடுங்கள். ஏதோ ஒரு ஊர்க் கோயிலில் கும்பிட்ட சாமியாக இருக்கலாம்.