கேட் தேர்வும் கேள்வியை விட்டுவிடும் பயிற்சியும்

ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் இளையவர்கள் சிலருடன் மூன்று ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் மதுரையில் அமர்ந்து படித்துவருகிறேன். பெரும்பாலோர் மாநிலப் பாடத்திட்டத்தில் பயின்று, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் பட்டம் பெற்றவர்கள்; ஐஐஎம் என்ற பெயரைத் தங்கள் வீட்டுக்குள் முதன்முதலாகக் கொண்டுவந்தவர்கள். இவர்களுக்கு ஆங்கிலம்தான் தடை என்று சிலரும், போட்டித் தேர்வுக் கணக்குதான் தடை என்று சிலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் நான் பார்த்தவரை இவர்களை அதிகம் பின்னுக்கு இழுப்பது வேறொன்று: ஒரு கேள்வியைப் படித்துவிட்டு, "இது இப்போது எனக்கு வேண்டாம்" என்று நகர்ந்துபோக இவர்களுக்கு மனம் வருவதில்லை.

இதை அவர்களுடைய குறையாக நான் கருதவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து நாம் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது, "ஒரு கேள்வியையும் விடாதே, தெரிந்தவரை எழுது" என்பதுதான். பொதுத் தேர்வில் அது சரியான அறிவுரை. அங்கே விடை முழுமை பெறாவிட்டாலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு. தவறான விடைக்காக யாரும் எதையும் கழிப்பதில்லை. அந்த விதிகளுக்குள் பன்னிரண்டு ஆண்டுகள் நன்றாக ஓடிய ஒரு மாணவி, விதிகள் முற்றிலும் மாறிய களத்திலும் அதே ஓட்டத்தையே ஓடுகிறாள்.

கேட் தேர்வின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும். 2020 முதல் தேர்வு மொத்தம் 120 நிமிடங்கள். மொழித்திறன், தரவும் தர்க்கமும் சேர்ந்த டிஐஎல்ஆர், கணிதம் என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடங்கள். ஒரு பகுதியின் நேரம் முடியும்வரை அடுத்ததற்குப் போக முடியாது. முடிந்ததற்குத் திரும்பி வரவும் முடியாது. 2024இல் 68 கேள்விகள், 204 மதிப்பெண்கள். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விக்குத் தவறாக விடையளித்தால் ஒன்று கழியும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவு இல்லை. அண்மை ஆண்டுகளில் 99 பர்சன்டைல் (அதாவது, எழுதியவர்களில் 99 சதவீதத்தினரைவிட முன்னே இருக்கும் நிலை) பெற்றவர்களில் பலர் மொத்த மதிப்பெண்ணில் பாதியைக்கூட எட்டாதவர்கள் என்பதை முதன்முறை கேட்கும் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விகளில் பதினாறைத் தொட்டு, எட்டு சரியாகவும் எட்டு தவறாகவும் செய்தவருக்கு 24இலிருந்து எட்டு கழிந்து 16 கிடைக்கும். ஒன்பதை மட்டும் தொட்டு எட்டைச் சரியாகச் செய்தவருக்கு 23 கிடைக்கும். இருவருக்கும் தெரிந்தது ஒரே அளவுதான். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், பல கேள்விகளின் சராசரியில் வரவும் கழிவும் ஒன்றையொன்று ஈடுசெய்து பூச்சியத்தில் வந்து நிற்கும். செலவான நேரம் மட்டும் நட்டம். ஒரு விடையையாவது உறுதியாக நீக்க முடிந்தால் மட்டுமே ஊகம் சிறிதளவு நமக்குச் சாதகமாகிறது.

நான் முதன்முறை தேர்வு எழுதியபோது டிஐஎல்ஆர் பகுதியில் ஒரு போட்டியின் புள்ளிப் பட்டியலைக் கண்டுபிடிக்கும் தொகுப்பில், அதாவது ஒரே தரவைக் கொண்டு கேட்கப்படும் சில கேள்விகளின் குழுவில், மாட்டிக்கொண்டேன். பத்து நிமிடம் செலவழித்துவிட்டோமே, இப்போது விட்டால் அந்தப் பத்தும் வீண்தானே என்ற எண்ணம் என்னை மேலும் ஒன்பது நிமிடம் அங்கேயே கட்டிப்போட்டது. கடைசியில் இரண்டு விடைகள் கிடைத்தன, அவற்றில் ஒன்று தவறு. மிக எளிமையான ஒரு தொகுப்பு அதே பகுதியின் கடைசியில் இருந்ததை நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போதுதான் பார்த்தேன். ஐஐஎம்கள் மொத்தப் பர்சன்டைலுடன் ஒவ்வொரு பகுதிக்கும் தனியே குறைந்தபட்ச வரம்பு வைத்திருப்பதால், கணிதத்தில் நன்றாகச் செய்தும் அந்த ஆண்டு எனக்குப் பயனில்லாமல் போயிற்று. நான் விரும்பிய நிறுவனங்களிலிருந்து நேர்காணல் அழைப்பு வரவில்லை.

ஆகையால், எத்தனை மாதிரித் தேர்வு எழுதினாய் என்று நான் யாரையும் கேட்பதில்லை. எழுதிய ஒவ்வொன்றையும் எத்தனை மணி நேரம் திரும்பிப் பார்த்தாய் என்று கேட்கிறேன். இரண்டு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது நான்கு மணி நேர ஆய்வு வேண்டும் என்பது என் கருத்து. சரி, தவறு என்று பிரித்தால் போதாது. சரியாகச் செய்தும் ஐந்து நிமிடம் விழுங்கிய கேள்வி எது, விட்டிருக்க வேண்டிய கேள்வி எது, தொட்டிருக்க வேண்டியும் பார்க்காமலே போன கேள்வி எது என்று தனியே எழுதிவைக்க வேண்டும். இந்த மூன்றாவது பட்டியல்தான் மாணவர்களை மிகவும் வருத்துகிறது. மிகவும் மாற்றுவதும் அதுவே.

மொழித்திறன் பகுதியில் மட்டும் விடுவதற்கு இடம் குறைவு. 24 கேள்விகளில் 16 வாசிப்புப் பத்திகளைச் சார்ந்தவை. நான்கு பத்திகளில் ஒன்றைக் கைவிட்டாலும் நான்கு கேள்விகள் போய்விடும். பத்திகள் மானுடவியல், மெய்யியல், சூழலியல் என்று எங்கிருந்தும் வரலாம். இதற்குச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, தினமும் ஒரு நீண்ட கட்டுரையைப் படித்து, ஆசிரியர் எதை மறுக்கிறார், எதை நிறுவுகிறார் என்று மூன்று வரியில் எழுதிப் பார்ப்பது பலமடங்கு உதவும். அந்த மூன்று வரியைத் தமிழில் எழுதினாலும் குறைவில்லை என்றே சொல்வேன், ஏனெனில் அங்கே சோதிக்கப்படுவது வாதத்தைப் பின்தொடரும் திறன். தமிழில் கனமான கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. வேகம் மட்டுமே பிறகு வர வேண்டும்.

தமிழகக் கல்லூரிகளில் எம்பிஏ போன்ற படிப்புகளில் சேர்வதற்கான டான்செட் தேர்வுக்கும் சேர்த்துப் படிப்பவர்கள், இரண்டும் வேறு வேறு மனநிலையைக் கேட்பவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள். தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். ஒரு கேள்விக்குச் சராசரியாக 72 நொடிகள்தான் இருப்பதால், அங்கே கைவேகத்துக்கு இடம் அதிகம். கேட் தேர்வில் பழகிய நிதானத்தை அப்படியே அங்கே கொண்டுபோனவர்கள் பாதி வினாத்தாளைப் பார்க்காமலே எழுந்து வந்ததை நான் அறிவேன்.

பயிற்சி மையங்களில் பெருந்தொகை கட்டுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடன் வாங்கிக் கட்ட வேண்டிய நிலையிலிருப்பவர்கள் முதலில் பழைய வினாத்தாள்களையும் நல்ல மாதிரித் தேர்வுத் தொகுப்பு ஒன்றையும் கொண்டு மூன்று மாதம் முயன்று பார்க்கட்டும். மையம் நடத்துபவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. வாரத்தில் ஒரு வகுப்பையாவது தீர்ப்பதற்கென்று இல்லாமல் தேர்ந்தெடுப்பதற்கென்றே ஒதுக்குங்கள். பத்து தொகுப்புகளைக் கையில் கொடுத்து, பேனாவைக் கீழே வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் மட்டும் பார்த்தபின், எந்த மூன்றை எடுப்பாய், ஏன் என்று கேளுங்கள். நாங்கள் ஜூலையிலிருந்து இதைச் செய்கிறோம். முதல் இரண்டு வாரங்களில், நீளமாக இருக்கிறது, சிறியதாக இருக்கிறது என்பதற்கு மேல் காரணம் வரவில்லை. இப்போது, நிபந்தனைகள் எல்லாம் "குறைந்தது", "அதிகபட்சம்" என்றே இருக்கின்றன, உறுதியான எண் ஒன்றுகூடத் தரப்படவில்லை, ஆகவே இதை எடுக்க மாட்டேன் என்று சொல்கிறார்கள்.