சும்மா கிடந்த பூங்காவாம்!

சனிக்கிழமை நம் குழுவில் ஓடிய சண்டையைப் பார்த்திருப்பீர்கள். ஆட்ட நாளில் சிட்னியின் மேற்கே உள்ள நம் பரமட்டாவில் கார் நிறுத்த இடமில்லை என்று ஆரம்பித்தவர், நாலாவது கமெண்டில் "சும்மா கிடந்த பூங்காவில் 2019இல் பேங்க் பேரைப் போட்டு ஒரு ஸ்டேடியம் கட்டிவிட்டார்கள், இதில் என்ன பெரிய வரலாறு?" என்று முடித்துவிட்டார். அதற்கு ஏகப்பட்ட லைக். நான் எழுதிய பதிலுக்கு ஒரே ஒரு சிரிப்புப் பொம்மை. அதனால்தான் இங்கே.

ஐயா, அது சும்மா கிடந்த இடம் இல்லை. அங்கே இருந்தது கம்பர்லேண்ட் ஓவல் என்ற மைதானம். 1947இல் பரமட்டா ரக்பி லீக் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணி சிட்னிப் போட்டிக்குள் நுழைந்தபோது அதுதான் சொந்த மைதானம். ஜெயித்தார்களா? எங்கே! 1956 முதல் 1961 வரை தொடர்ந்து ஆறு வருடம் கடைசி இடம். அப்போதும் ஜனம் வந்தது.

முதல் கோப்பை 1981இல், நியூடவுன் அணியை 20-11 என்று வென்றபோது. அன்று ராத்திரி ரசிகர்கள் ஊர் திரும்பி, சொந்த மைதானத்தின் பழைய மர கேலரிக்கே தீ வைத்துவிட்டார்கள். "பார்த்தீர்களா, ரவுடிக் கூட்டம்" என்பீர்கள். தீ வைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. சரி, கொஞ்சம் நியாயப்படுத்துகிறேன். முப்பத்து நாலு வருடம் தோல்வியையே பார்த்தவர்கள் வேறு என்ன செய்வார்கள், சுண்டல் விநியோகிப்பார்களா?

இந்தக் கதையெல்லாம் எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுப் பெரியவர். நான் வந்த புதிதில், ஒரு குளிர்கால ராத்திரியில் என்னைப் பழைய ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனார். நான் சைவம் என்று தெரிந்ததும் கையில் சிப்ஸைத் திணித்துவிட்டு, ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு என்பதை ஆட்டம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். அலுவலகத்தில் என் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளாத காலம் அது.

எரிந்தபின் 1982 முதல் நாலு வருடம் சொந்த மைதானமே கிடையாது. பெல்மோரில், அதாவது பரம எதிரியான கேன்டர்பரி அணியின் இடத்தில், ஒண்டுக்குடித்தனம். அந்த நிலையிலும் 1982, 1983 கோப்பைகளை வாங்கினார்கள். 1986 மார்ச்சில் எலிசபெத் ராணி வந்து புது ஸ்டேடியத்தைத் திறந்தார். அந்த வருடமே இறுதி ஆட்டத்தில் கேன்டர்பரியை 4-2 என்று மடக்கியாயிற்று. பரமட்டாவின் நட்சத்திர ஆட்டக்காரர்கள் ரே பிரைஸ், மிக் குரோனின் இருவருக்கும் கடைசி ஆட்டம் அது. அப்புறம் இன்றுவரை கோப்பை இல்லை, அதைக் கிளற வேண்டாம். 2017இல் இடித்துவிட்டு 2019இல் கட்டியது அதே இடத்தில்தான். சும்மா கிடந்த இடத்தில் இல்லை!

"முப்பது கோடி டாலருக்கு மேல் வீண் செலவு" என்றார் இன்னொருவர். இருக்கலாம். ஸ்டேடியத்துக்காகப் போர் நினைவு நீச்சல் குளத்தை இடித்ததில் எனக்கும் கோபம் உண்டு. மாற்றுக் குளம் 2023 வரை வரவில்லை, அதற்குள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தே போய்விட்டார்கள். ஆனால் குளத்துக்காக அன்று வாய் திறக்காதவர்கள் இன்று பார்க்கிங்குக்காகப் பொங்குகிறார்கள். பக்கத்து வென்ட்வொர்த்வில்லிலிருந்து பரமட்டாவுக்கு ரயிலில் இரண்டே ஸ்டேஷன், சார்.

"நீ வெள்ளைக்காரனாகிவிட்டாய்" என்று ஒருவர் உள்பெட்டியில் வந்து சொன்னார். அது வலித்தது. நம் ஊர்க் கோயில் குளத்தை ஒருவன் சும்மா கிடந்த பள்ளம் என்றால் விடுவோமா? இந்த ஊரில் சம்பாதிக்கலாம், வீடு வாங்கலாம், பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம். ஊரின் கதையை மட்டும் தெரிந்துகொண்டால் இனத் துரோகமா? கம்பர்லேண்ட் ஓவலுக்கும் முன்னால் அது தருக் பழங்குடி மக்களின் மண். அந்த கமெண்ட்காரர் அவர்களிடமும் போய்ச் சும்மா கிடந்தது என்றுதான் சொல்வாரோ? நாம் வந்து இறங்கிய நாளில்தான் எல்லா ஊருக்கும் வரலாறு தொடங்குகிறது போலும்.

அடுத்த ஆட்டத்துக்கு என்னிடம் ஒரு டிக்கெட் கூடுதலாக இருக்கிறது. யாருக்கு வேண்டுமோ கேளுங்கள். அந்த "சும்மா கிடந்த பூங்கா"காரருக்கு மட்டும் கிடையாது.