கல்வெட்டில் ஒரு குடும்பம், வாய்க்கால் கரையில் ஒரு குடும்பம்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே கோயிலில் 1803-இல் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி வெட்டுவித்த போன்சலே வம்ச சரித்திரமும் இருக்கிறது. எங்கிருந்தோ இந்தக் காவிரிக் கரைக்கு வந்து ஆட்சி செய்த ஒரு குடும்பம், தன் கதையை மராட்டியில் முழுக்கக் கல்லில் பதித்து வைத்திருக்கிறது.

எனக்கு அதில் தனி அக்கறை உண்டு. என் அப்பா வழி முன்னோர் அந்த மராட்டியர் ஆட்சியோடு வந்தவர்கள். அரண்மனையில் கணக்கு எழுதியவர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். பாட்டி காலம் வரை வீட்டுக்குள் மராட்டிதான். திருவாரூருக்குக் கிழக்கே, ஓடம்போக்கி ஆற்றுப் பாசனத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. கொஞ்சம் இன்னும் இருக்கிறது.

அப்புறம் ராஜராஜன் கல்வெட்டுகளுக்கு வருவோம். கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலத்தை அளந்து, வரி இல்லாமல் நீக்கிய இடங்களை அவை வரிசையாகச் சொல்கின்றன. ஊர்நத்தம், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாளர் குடியிருந்த கம்மாணசேரி, சுடுகாடு. மராட்டியரான வெங்கோஜி 1670-களில் தஞ்சையைப் பிடிப்பதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே அந்தச் சேரிகள் இங்கே இருந்தன, வாய்க்காலோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவர் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. யார் முதலில் வந்தார்கள் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. இந்த ஆற்றைக் கையால் வெட்டி, அடைத்து, திருப்பி வயலுக்குக் கொண்டுபோனவர்களின் குடும்பக் கதையை யாரும் எங்கேயும் பதிக்கவில்லை என்பதுதான் என் பேச்சு.

எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் அப்படி ஒரு குடும்பத்துப் பெரியவர். தாத்தாவைவிட மூத்தவர். தாத்தா அவரை 'வாடா' என்பார். அவர் தாத்தாவை 'ஆண்டே' என்பார். வீட்டுப் பிள்ளைகளும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் ஊர் கடைமடை, வாய்க்கால் முடிகிற இடம். முறை வைத்து விடும் தண்ணீர் நள்ளிரவில் வந்து சேரும். அரிக்கேன் விளக்கோடு போய், எந்த மடையை எவ்வளவு திறந்தால் மேட்டு வயலும் நனையும், பள்ள வயல் நாற்றும் அழுகாது என்று பார்த்துத் திறப்பார். வரப்பில் நண்டு வளை எங்கே இருக்கிறது என்று பாதம் வைத்தே கண்டுபிடிப்பார். ஐப்பசி மழையில் கரை உடைந்தால் வைக்கோலும் களிமண்ணும் தென்னை மட்டையும் போட்டு அடைப்பதற்கு முதலில் தண்ணீரில் இறங்குவது அவர்தான். அந்த அறிவு இல்லாமல் எங்கள் வீட்டு நெற்குதிர் ஒரு போகமும் நிறைந்திருக்காது. பத்திரம் எங்களிடம் இருந்தது. ஆறு அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

இதை இரண்டு குடும்பங்களின் நட்புக் கதையாக எழுதிவிட முடியாது. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் (சாணி கரைத்த தண்ணீரைக் குடிக்க வைப்பது) சவுக்கடியும் தண்டனையாக நடந்தன. எங்கள் பண்ணையில் அதெல்லாம் இல்லை என்று பெரியப்பா சொல்வார். அந்தப் பெரியவரின் மருமகள் அப்படிச் சொல்லவில்லை. நான் மருமகள் சொன்னதையே நம்புகிறேன். தென் கன்னடத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் என்ற கம்யூனிஸ்ட் இந்தச் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டினார். வெளியிலிருந்து வந்தவர் இங்கே எப்படி வாழலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அவர். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் சேரியைச் சேர்ந்த 44 பேரைப் பண்ணையார்களின் ஆட்கள் எரித்துக் கொன்றார்கள். கூலி உயர்வும் சங்கக் கொடியும்தான் அந்தச் சேரி மக்கள் செய்த குற்றம். 1971 குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் பெரியவரின் குடும்பத்துக்குத் தாங்கள் குடியிருந்த மனையே சொந்தமானது.

சரி, இன்றைக்கு ஆறு எப்படி இருக்கிறது?

குறுவை என்ற குறுகிய கால நெல்லுக்காக வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணை, 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் திறக்கவில்லை. 2017-இல் அக்டோபர் வந்துவிட்டது. போர்செட் வைத்திருந்தவர்கள் குறுவை போட்டார்கள். கடற்கரைப் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். மணல் அள்ளி அள்ளி ஆற்றுத் தளம் கீழே போய்விட்டதால், ஆற்றில் தண்ணீர் ஓடும்போதும் பல இடங்களில் வாய்க்காலுக்கு ஏறுவதில்லை. 1836-இல் கட்டிய முக்கொம்பு கொள்ளிடம் கதவணையின் ஒரு பகுதி 2018 ஆகஸ்டில் வெள்ளத்தோடு போனது. அந்த மாதம் கொள்ளிடம் வழியாக அத்தனை தண்ணீரும் கடலுக்கு ஓடியபோது, கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று மறியல் நடந்தது.

உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன 177.25 டிஎம்சி காவிரித் தண்ணீரைக் கர்நாடகம் முறையாகத் தர வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியதும் நல்ல காரியம். எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் தெருவில் உட்காராமல் அது நடந்திருக்காது. ஆனால் காவிரி உரிமை என்று நாம் பேசும்போது, அந்த உரிமைக்காரர் யார் என்று கேட்டால் பட்டா வைத்திருப்பவரைத்தான் கை காட்டுகிறோம். எட்டு ஆண்டு குறுவை பொய்த்தால் நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களுக்கு எட்டுப் போகக் கூலி போகிறது. அதற்கு எந்த ஏட்டிலும் கணக்கு இல்லை. பல வீடுகளில் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மறு ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். எங்கள் நிலத்தை அப்போது குத்தகைக்குச் செய்தது அந்தப் பெரியவரின் பேரன். எனக்கு மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் என்னைத் தம்பி என்பார். விதை, உரம், உழவு எல்லாம் அவர் கடன் வாங்கிச் செய்தது. குத்தகை வாய்வார்த்தைதான். சாகுபடியைப் பதியும் கிராமக் கணக்கான அடங்கல் பெரியப்பா பெயரில். பணம் சென்னையில் இருந்த பெரியப்பாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. பெரியப்பா ஒரு பகுதியைக் கொடுத்தார். முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டேன். சட்டப்படி அவர் எதையுமே கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

இதற்கும் சட்டம் இல்லாமல் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று நில உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள். கேட்டால் அடுத்த போகம் நிலம் கிடைக்காதே என்று குத்தகைக்காரர் பயப்படுகிறார். முதல் பயத்தைவிட இரண்டாவது பயம் பெரியது. அதைப் போக்க வேண்டியது நிலம் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான்.

பெரியப்பா காலமான பிறகு நிலம் என் பெயருக்கு வந்தது. குத்தகையை எழுத்தில் எழுதி, பதிவுக்கு மனு கொடுத்திருக்கிறோம். அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று அண்ணன் பெயரை எழுதச் சொல்லிக் கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்டிருக்கிறோம். உறவினர்களில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை.

சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் நண்பர்களே, காவிரிக்காக நீங்கள் போடும் பதிவுகளை நானும் பகிர்கிறேன். அதோடு இதையும் செய்யுங்கள்: உங்கள் வயலில் இறங்குகிறவர் பெயரில் குத்தகையை எழுதிக் கொடுங்கள். அரசு அடுத்த வறட்சிக்கு நிவாரணம் அறிவிக்கும்போது, ஏக்கர் கணக்கோடு கூலி நாட்களையும் கணக்கிட வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்கட்டும். பாசனத்துக்கான விவசாயிகள் குழுக்களில் மடை திறக்கிறவருக்கும் ஓர் இடம் வேண்டும். எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு நான் அண்ணன் பெயரைத்தான் சொல்வேன்.