பிழைக் கணக்கில் பெயர் எதற்கு?

நேற்றைய மாதாந்திரக் கூட்டத்தில் யார் எழுதிய நிரலில் எத்தனை பிழை என்று பெயரோடு திரையில் காட்டப்பட்ட அந்தப் பட்டியலைப் பற்றி ஏன் எதுவும் எழுதவில்லை என்று காலையிலிருந்து உள்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கோபம் தணியட்டும் என்றுதான் காத்திருந்தேன். தணிவதாகத் தெரியவில்லை, ஆகவே எழுதிவிடுகிறேன்.

ரிவ்யூவில், அதாவது சக ஊழியர்கள் கூடி நிரலை வாசித்துப் பார்க்கும் ஆய்வில், கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையை, நிரலை எழுதியவரின் பெயரோடு சேர்த்து மேலிடத்துக்குக் காட்டக் கூடாது. ஊழியர்களை மதிப்பிடும் அப்ரைசலின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. முறையான ரிவ்யூவை ஒரு நிறுவனத்தில் காலூன்றச் செய்வதற்குப் பயிற்சி, பொறுமை, மேலிடத்து ஆதரவு என்று பலவும் வேண்டும். அதை ஒழித்துக்கட்ட இந்த ஒரு பட்டியல் போதும்.

1976-இல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் வகுத்து வெளியிட்ட முறை இது. திட்டமிடல், அறிமுகம், தனித்தனியாகப் படித்து வருதல், கூட்டம், திருத்தம், திருத்தியதைச் சரிபார்த்தல் என்று ஒவ்வொரு படிக்கும் அதில் ஒரு காரணம் இருக்கிறது. கூட்டத்தில் எழுதியவர் தன் நிரலைத் தானே விளக்குவதில்லை. வேறொருவர் அதைத் தன் சொற்களில் வாசித்துச் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு கூட்டத்தில் வாசித்தவர், "இங்கே நிரலுக்குள் வரும் தரவுப் பட்டியல் காலியாக இருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார். எழுதியவர் நிமிர்ந்து, "ஏன் இருக்காது?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. பிழை குறித்துக்கொள்ளப்பட்டது, யாருடைய முகமும் வாடவில்லை. அந்த "ஏன் இருக்காது?" என்ற கேள்வியை இனி யார் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கேட்டால் கேட்டவரின் பெயருக்கு எதிரே ஓர் எண் கூடும்.

மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ, மென்பொருள் ஆய்வுகளுக்காக வெளியிட்ட 1028 தரநிலை, இத்தகைய ஆய்வுக் குழுவில் இருக்கும் எவருக்கும் மேலாளராக இருப்பவர் அந்த ஆய்வில் பங்கேற்கக் கூடாது என்கிறது. அதைக் காட்டித்தான் மேலாளர்களைக் கூட்டங்களுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம். அவர்களும் மறுக்கவில்லை, மிகப் பெருந்தன்மையாக வெளியே நின்றார்கள். பிறகு, கூட்டத்துக்கு வராமலேயே, பிழைகளைக் குறித்துவைக்க நான் வடிவமைத்த படிவத்திலிருந்து பெயர்ப் பத்தியையும் எண்ணிக்கைப் பத்தியையும் மட்டும் உருவி எடுத்து, இறங்குவரிசையில் அடுக்கிவிட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

பட்டியலில் முதலிடம் யாருக்கு என்று பார்த்தீர்கள் அல்லவா? இருப்பதிலேயே சிக்கலான பகுதியைக் கையில் வைத்திருப்பவர் அவர். யாரும் கேட்காமலேயே அதை முதல் ஆளாக ரிவ்யூவுக்குக் கொடுத்தவர். கடைசியில் பூஜ்யத்தோடு இருந்தவர் இதுவரை ஒரு கோப்பைக்கூட ரிவ்யூவுக்குக் கொடுத்ததில்லை. அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. வாழ்த்துகள்.

இதை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். நான் முன்னர் வேலை பார்த்த இடத்தில், பிழைக் கணக்கு அப்ரைசலுக்குப் போகிறது என்று தெரிந்ததும் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில், படித்து வந்தவர் எழுதியவரின் இருக்கைக்கு நடந்து போய், கையில் இருக்கும் தாளைக் காட்டி, குரலைத் தாழ்த்தி எல்லாப் பிழைகளையும் சொல்லிவிடுவார். எழுதியவர் இரவோடு இரவாகத் திருத்திவிடுவார். மறுநாள் கூட்டத்தில் எல்லாரும் வரிவரியாக வாசித்து, பிழை ஏதுமில்லை என்று பதிவு செய்து கலைவார்கள். நல்லவர்கள்தான், ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டார்கள். நிர்வாகமும் தரம் உயர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தது. ஒரே மாதிரியான பிழை ஏன் எல்லாருடைய நிரலிலும் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிக்கத் தேவையான தரவு மட்டும் அதற்குப் பிறகு சேரவே இல்லை.

அப்படியானால் நிர்வாகத்துக்குத் தரவே வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வேண்டும். எத்தனை வரிகள் பார்க்கப்பட்டன, தயாரிப்புக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்த வகைப் பிழைகள் வந்தன, அவை மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தேவை ஆவணத்தில் பிறந்தவையா வடிவமைப்பில் பிறந்தவையா என்பதையெல்லாம் மொத்தமாகத் தொகுத்துத் தருகிறேன், தந்தும் வந்திருக்கிறேன். அந்த அறிக்கையை யாரும் திரையில் காட்டியதாக நினைவில்லை.

திறமை இல்லாதவரை எப்படி அடையாளம் காண்பது? அது மேலாளரின் வேலை, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். என் படிவத்திடம் ஏன் கேட்கிறீர்கள்?

இவ்வளவு சடங்கு எதற்கு, ஒருவர் பார்த்து 'அப்ரூவ்' அழுத்தினால் போதாதா என்போரும் இருக்கிறார்கள். சின்ன மாற்றங்களுக்குப் போதும், மறுக்கவில்லை. ஆனால் இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில், ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை அப்படி ஒருவர் பார்த்து ஏற்றுக்கொண்ட மாற்றத்தில்தான் இருந்தது. 2012-இல் வெளியான பதிப்போடு உலகம் முழுக்கப் போய், 2014 ஏப்ரல் வரை வெளியே தெரியாமல் கிடந்தது. ஒரு நீள அளவைச் சரிபார்க்காமல் விட்டதுதான் பிழை. நாலு பேர் உட்கார்ந்து வாசித்திருந்தால் நிச்சயம் சிக்கியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வாய்திறக்கப் பயப்படும் நாலு பேரிடம் சிக்கியிருக்காது என்று மட்டும் செய்வேன்.

"தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று நேற்று ஒருவர் சொன்னார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? ஒவ்வோர் அணியாகப் போய், இந்த எண்கள் இந்த அறையைத் தாண்டாது என்று வாக்குக் கொடுத்தது நிர்வாகம் அல்ல, நான். என்னை நம்பித்தான் அவர்கள் தங்கள் நிரலை மேசைமேல் வைத்தார்கள். நேற்று அவர்கள் யாரும் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

இன்று மதியத்துக்குள் இரண்டு பேர், வேலை இன்னும் முடியவில்லை என்று காரணம் சொல்லி, அடுத்த வார ரிவ்யூவுக்குக் கொடுத்திருந்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். படிவத்திலிருந்து பெயர்ப் பத்தியை எடுத்துவிட்டேன். அந்தப் பட்டியல் அப்ரைசலுக்குப் பயன்படாது என்று எழுத்தில் வரும் வரையில் எந்தக் கூட்டத்தையும் நான் நெறிப்படுத்துவதாக இல்லை. வாய்மொழி உறுதி வேண்டாம், அதைத்தான் நான் ஏற்கெனவே எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டேனே.